போரில் இறந்த அப்பா, அதே 31-ம் நம்பர் ஜெர்சியில் மகன்: ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் 'அப்பா - மகன் விதி' வந்த கதை

பாக்ஸிங் டே டெஸ்ட் என்றதும் நம்ம ஊர் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், சுருக்கமாக எம்.சி.ஜி. அந்த மைதானத்துக்கு வெளியே வரிசையாகச் சிலைகள் நிற்கும். டான் பிராட்மேன், டென்னிஸ் லில்லி, ஷேன் வார்ன் என நமக்குத் தெரிந்த முகங்கள் அதில் உண்டு. கூடவே, கிரிக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் சிலையும் இருக்கிறது. பெயர் ரான் பராஸி.

ஆஸ்திரேலியாவில், அதிலும் மெல்போர்னில், இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. வீரராக 6, பயிற்சியாளராக 4 என மொத்தம் 10 சாம்பியன் பட்டங்களில் பங்கு வகித்தவர். 2023-ம் ஆண்டு செப்டம்பர் 16-ம் தேதி தனது 87-வது வயதில் காலமானார்.

ஆனால், இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. அவருடைய அப்பாவைப் பற்றியது. அப்பா பெயரும் ரான் பராஸிதான். மொத்தமே 58 போட்டிகள் ஆடியவர். 27 வயதில் லிபியாவின் டோப்ருக்கில் போரில் கொல்லப்பட்டார்.

குழப்பம் வராமல் இருக்க, அப்பாவை சீனியர் என்றும் மகனை ஜூனியர் என்றும் சொல்லிக்கொள்வோம்.

அது என்ன 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்'?

முதலில் விளையாட்டைப் புரிந்துகொள்வோம். ஆஸ்திரேலியாவின் தெற்கு, மேற்கு மாநிலங்களில் ஃபுட்பால் என்று சொன்னால், அது நாம் பார்க்கும் கால்பந்து கிடையாது. ரக்பியும் கிடையாது. அது 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' எனப்படும் தனி ஆட்டம்.

இதைத் தொடங்கியதே கிரிக்கெட்காரர்கள்தான். குளிர்காலத்தில் கிரிக்கெட் இல்லாமல் உடம்பு துருப்பிடித்துவிடக் கூடாது என்று 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் யோசனை சொன்னார். அடுத்த ஆண்டே மெல்போர்னில் விதிகள் எழுதப்பட்டன. அதனால்தான் இன்றைக்கும் இந்த ஆட்டம் செவ்வகத் திடலில் நடப்பதில்லை. முட்டை வடிவ கிரிக்கெட் மைதானத்தில் நடக்கிறது.

ஒரு அணிக்கு 18 பேர் களத்தில் இருப்பார்கள். பந்தும் முட்டை வடிவம்தான். உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், ஆனால் வீசக் கூடாது. ஆஃப்சைடு என்ற பேச்சே இல்லை. இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் ஒரே ஒரு புள்ளி.

ஸ்கோர் எழுதும் விதம் புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் தலைசுற்றும். 15.17 (107) என்றால் 15 முறை 6 புள்ளி, 17 முறை 1 புள்ளி, மொத்தம் 107. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

பராஸி சீனியர் காலத்தில் இதன் முதன்மை லீக் விக்டோரியன் ஃபுட்பால் லீக், அதாவது வி.எஃப்.எல். அதுதான் பின்னாளில் வளர்ந்து இன்றைய ஏ.எஃப்.எல் ஆனது.

தங்கம் தேடி வந்த குடும்பம்

பராஸி என்ற பெயரைக் கேட்டதும் இத்தாலி வாடை அடிக்கிறதா? சரிதான். விக்டோரியா மாநிலத்தில் 1850-களில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியபோது உலகின் பல மூலைகளில் இருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சுவிட்சர்லாந்தின் இத்தாலி மொழி பேசும் பகுதியில் இருந்து வந்தவர்களும் அதில் உண்டு. தங்கம் தீர்ந்த பிறகு அவர்களில் பலர் அங்கேயே நிலம் வாங்கி விவசாயிகளாக மாறினார்கள். கில்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில் வேர்விட்ட அப்படி ஒரு வம்சம்தான் பராஸி குடும்பம்.

சீனியர் பிறந்தது 1913-ல். பக்கத்து ஊரான காசில்மெய்ன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை மெல்போர்ன் கிளப் அழைத்துக்கொண்டது. 1936-ல் வி.எஃப்.எல்லில் அறிமுகம். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் மகன் பிறந்தான். அப்பா பெயரையே மகனுக்கும் வைத்தார்கள்.

அவர் ஆடிய இடத்துக்கு 'ரோவர்' என்று பெயர். உயரமான ஆட்கள் குதித்துப் பந்தைத் தட்டிவிட, அது கீழே விழும் இடத்தில் பாய்ந்து பொறுக்கிக்கொண்டு ஓடுவது ரோவரின் வேலை. ஆள் குள்ளமாக இருக்கலாம். ஆனால் பயம் இருக்கக் கூடாது.

சம்பளம் எவ்வளவு தெரியுமா?

இன்றைய ஏ.எஃப்.எல் வீரர்களைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்தைக் கற்பனை செய்யக் கூடாது. 1930-ல் வி.எஃப்.எல் கொண்டுவந்த 'கூல்டர் சட்டம்' என்ற விதிப்படி, ஒரு போட்டிக்கு ஒரு வீரருக்கு அதிகபட்சம் 3 பவுண்டுதான் கொடுக்க முடியும். அன்றைய ஒரு சாதாரணத் தொழிலாளியின் வாரக் கூலியை ஒட்டிய தொகை அது. அதுவும் ஆடினால்தான். சீசன் முடிந்தால் அதுவும் இல்லை.

ஆக, வாரம் முழுக்க வேறு வேலை, சனிக்கிழமை மதியம் ஆட்டம். பல்லாயிரம் பேர் கைதட்டும் ஆளாக இருந்தாலும் வீட்டுக்குப் போனால் எல்லோரையும் போல வாடகை, அரிசி பருப்புக் கணக்குதான் - அவர்களுக்கு ரொட்டியும் கறியும், அவ்வளவே வித்தியாசம். பெரிதாகச் சேமித்து வைக்க வழியே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தவற்றின் கனம் புரியும்.

19-வது ஆள்

மெல்போர்ன் அணி அப்போது உச்சத்தில் இருந்தது. ஃபிராங்க் 'செக்கர்' ஹியூஸ் என்ற பயிற்சியாளரின் கீழ் 1939, 1940, 1941 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை.

அதில் நடுவில் உள்ள 1940 இறுதிப் போட்டிதான் சீனியருடைய போட்டி. செப்டம்பர் 28, எம்.சி.ஜி மைதானம், எதிரணி ரிச்மண்ட். அன்று அவர் 19-வது ஆள். இப்போது போல நினைத்த நேரத்தில் ஆளை மாற்றி மாற்றி இறக்கும் வசதி அந்தக் காலத்தில் இல்லை. களத்தில் 18 பேர், பெஞ்சில் ஒரே ஒருவர். யாராவது அடிபட்டாலோ, சோர்ந்துபோனாலோ அவர் இறங்குவார். வெளியே போனவர் திரும்ப வர முடியாது.

மெல்போர்ன் 15.17 (107), ரிச்மண்ட் 10.8 (68). 39 புள்ளிகளில் வெற்றி. அன்று 7 கோல் அடித்துப் பிரித்து மேய்ந்தவர் நார்ம் ஸ்மித் என்ற முன்கள வீரர், சீனியரின் நண்பர். இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பாதி இவருடையதுதான்.

சீனியர் மெல்போர்னுக்கு ஆடிய கடைசி சீசன் அது. மொத்தக் கணக்கு: 5 சீசன், 58 போட்டி, ஒரு கோப்பை. நல்ல வீரர், ஆனால் நட்சத்திரம் இல்லை. ஆட்டத்தின் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியோடு முடிந்திருக்க வேண்டிய பெயர்.

மைதானத்தில் இருந்து பாலைவனத்துக்கு

1939 செப்டம்பரில் பிரிட்டன் போரை அறிவித்ததும் ஆஸ்திரேலியாவும் தானாகவே உள்ளே வந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போய்ச் சண்டை போடும் படைக்கு அப்போது ஆட்களைக் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை, விருப்பப்பட்டு வந்தவர்கள்தான். திருமணமாகி, சின்னக் குழந்தை இருந்தும் சீனியர் பெயர் கொடுத்தார். போய்ச் சேர்ந்த இடம், வட ஆப்பிரிக்கா.

டோப்ருக் ஏன் முக்கியம்? லிபியாவின் கடற்கரையில் இருக்கும் ஒரு துறைமுக ஊர் அது. ஜெர்மன் தளபதி ரோமெல் எகிப்தை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தார். டாங்கிக்கு பெட்ரோல் வேண்டும், படைக்குத் தண்ணீர், சாப்பாடு வேண்டும். அதை இறக்க அந்தப் பக்கம் இருந்த நல்ல துறைமுகம் இதுதான். அதைப் பிடிக்காமல் அவரால் நிம்மதியாக மேலே போக முடியாது. எனவே 1941 ஏப்ரலில் ஊரைச் சுற்றி வளைத்தார்.

உள்ளே சுமார் 14,000 ஆஸ்திரேலிய வீரர்கள். கூடவே பிரிட்டிஷ் படையினர். இந்தியக் குதிரைப்படைப் பிரிவான 18-வது கிங் எட்வர்ட்ஸ் ஓன் கேவல்ரியும் அந்த முற்றுகைக்குள் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். குதிரைப்படை என்பது பெயரில்தான், அங்கே குதிரை இல்லை. பதுங்குகுழிகளில் உட்கார்ந்துதான் காவல் காத்தார்கள்.

தரை வழி முழுக்க அடைபட்டதால் எல்லாமே கடல் வழியாகத்தான் வர வேண்டும். அதுவும் இரவில். பகலில் வந்தால் விமானங்கள் குண்டு போட்டுவிடும். பகல் வெயில், புழுதிப் புயல், ஈக்கள், அளந்து கொடுக்கும் தண்ணீர், எந்நேரமும் குண்டுவீச்சு. பொந்துக்குள் மாட்டிய எலிகள் போலக் கிடக்கிறார்கள் என்று ஜெர்மன் பிரசார வானொலி கிண்டல் செய்தது. ஆஸ்திரேலியர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். 'டோப்ருக் எலிகள்' என்பது இன்றைக்கு அங்கே பெருமையான பட்டம்.

அந்தப் பெருமைக்குக் கொடுத்த விலையும் சின்னது இல்லை. ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை, ஆஸ்திரேலியாவின் 9-வது டிவிஷனிலும் அதோடு இணைந்த பிரிவுகளிலும் 749 பேர் கொல்லப்பட்டார்கள். 1,996 பேர் காயமடைந்தார்கள். 604 பேர் போர்க் கைதிகளானார்கள்.

முற்றுகை தொடங்கி நான்காவது மாதம், 1941 ஜூலை 31-ல் பராஸி சீனியர் கொல்லப்பட்டார். டோப்ருக் போர் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஊரில் இருந்த மகனுக்கு அப்போது 5 வயது.

அடுத்த இரண்டு மாதத்தில் மெல்போர்ன் அணி மூன்றாவது கோப்பையை வென்றது.

ஒரே கிளப்பில் இருந்து இத்தனை பேர்

சீனியருடைய மரணம் மெல்போர்ன் கிளப்பின் துயரத்துக்கு ஆரம்பம்தான். அந்தக் கோப்பை ஆண்டுகளில் ஆடியவர்களில் இன்னும் மூன்று பேரை அந்தப் போர் எடுத்துக்கொண்டது.

ஹரோல்ட் பால் என்ற இளைஞர் ராணுவ ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த நாட்களில் கொல்லப்பட்டார். சிட் ஆண்டர்சன் விமானப் படையில் சேர்ந்து, 1944-ல் நியூ கினியா பகுதியில் உயிரிழந்தார்.

மூன்றாமவர் கீத் 'புளூயி' ட்ரஸ்காட். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற போர் விமானிகளில் ஒருவர். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டி ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவர், ஊர் திரும்பிய 1942-ல் ஒரே ஒரு போட்டிக்காக மறுபடி மெல்போர்ன் ஜெர்சி போட்டார். பிறகு நியூ கினியாவின் மில்ன் பே சண்டை. அத்தனையிலும் தப்பித்தவர், 1943 மார்ச்சில் மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் பயிற்சி ஓட்டத்தின்போது விமானம் கடலில் விழுந்து இறந்தார். மெல்போர்ன் கிளப் ஒவ்வொரு ஆண்டும் தனது சிறந்த வீரருக்குக் கொடுக்கும் பதக்கம் இவர் பெயரில்தான் இருக்கிறது.

மைதானத்தையும் போர் விட்டுவைக்கவில்லை. 1942-ல் எம்.சி.ஜி ராணுவத்தின் கைக்குப் போனது. அமெரிக்கப் படையினர் அங்கே தங்கினார்கள். மெல்போர்ன் அணி பக்கத்தில் இருந்த ரிச்மண்ட் கிளப்பின் மைதானத்தில் போய் ஆட வேண்டிய நிலை. ஜீலாங் அணி பயணக் கட்டுப்பாடுகளால் இரண்டு சீசன் லீக்கிலேயே இல்லை. இத்தனைக்கும் நடுவில் வி.எஃப்.எல் நிற்காமல் நடந்தது. ஊரில் இளைஞர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது பந்து ஆட்டம் தேவையா என்ற கேள்வி அன்றைக்கும் எழுந்தது, மக்கள் மனதுக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா என்ற பதிலும் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

அப்பா இல்லாத பையன்

எல்சா பராஸி இளம் விதவை. ஒரே மகன். 3 பவுண்டு சம்பளத்தில் கணவர் என்ன விட்டுவிட்டுப் போயிருக்க முடியும்? கில்ஃபோர்டில் இருந்த தாத்தா வீட்டிலும் பையன் சில காலம் வளர்ந்தான்.

அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அப்பா ஆடிய மெல்போர்ன் அணிக்கு ஆட வேண்டும். ஆனால், அங்கேதான் ஒரு சிக்கல்.

அது என்ன 'அப்பா - மகன் விதி'?

வி.எஃப்.எல் கிளப்கள் எல்லாம் பேட்டை வாரியான கிளப்கள். 1915-ல் இருந்தே நகரத்தை எல்லை போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். உங்கள் வீடு எந்தக் கிளப்பின் எல்லைக்குள் வருகிறதோ அந்தக் கிளப்புக்குத்தான் உங்கள் மீது உரிமை. அண்ணா நகரில் வீடு இருந்தால் அண்ணா நகர் அணிக்குத்தான் ஆட முடியும், மயிலாப்பூர் அணி கூப்பிட்டாலும் போக முடியாது என்பது மாதிரி. பணக்காரக் கிளப்கள் எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

சீனியருக்கு இந்தப் பிரச்னை வரவில்லை. அவர் நகரத்துக்கு வெளியே இருந்து வந்தவர். ஆனால், மகன் வளர்ந்தது மெல்போர்ன் நகரத்துக்குள். வசித்த பகுதி வேறு கிளப்பின் எல்லை. சட்டப்படி பார்த்தால் அப்பா ஆடிய அணிக்கு எதிராகத்தான் அவர் ஆடியிருக்க வேண்டும்.

மெல்போர்ன் கிளப் லீக்கிடம் விடாமல் கேட்டது. ஒரு கிளப்புக்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் போட்டிகள் ஆடியவரின் மகன், எந்த எல்லையில் வசித்தாலும் அப்பாவின் கிளப்பில் சேரலாம் என்ற விலக்கு 1940-களின் முடிவை ஒட்டி நடைமுறைக்கு வந்தது. அதுதான் அப்பா - மகன் விதி.

இங்கே ஒரு தவறான தகவலைச் சரிசெய்ய வேண்டும். இந்த விதியில் முதலில் சேர்ந்தவர் பராஸி ஜூனியர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1951-லேயே ஹார்வி டன் ஜூனியர் என்பவர் இதைப் பயன்படுத்தித் தன் அப்பா ஆடிய கார்ல்டன் கிளப்பில் சேர்ந்துவிட்டார். பராஸி பெயர் மிகப் பெரிதாகிவிட்டதால் டன் பெயர் மறந்துபோனது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போரில் இறந்தவரின் மகனுக்கு லீக் காட்டிய கருணை என்று மட்டும் இதைப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். பையன் நன்றாக ஆடுவான் என்பது மெல்போர்ன் கிளப்புக்குத் தெரியும். பாசமும் இருந்தது, லாபக் கணக்கும் இருந்தது. விதியை எல்லோருக்கும் பொதுவாக வைத்ததால் மற்ற கிளப்களும் சண்டைக்கு வரவில்லை.

கொல்லைப்புற அறை

விதி வந்தால் மட்டும் போதுமா? 1950-களின் தொடக்கத்தில் எல்சா மறுமணம் செய்துகொண்டு டாஸ்மேனியா தீவுக்குக் குடிபோக முடிவு செய்தார். கூடவே போனால் பையனின் மெல்போர்ன் கனவு அங்கேயே முடிந்திருக்கும்.

அப்போதுதான் நார்ம் ஸ்மித் வருகிறார். அதே 7 கோல் ஸ்மித். 1952-ல் இருந்து அவர்தான் மெல்போர்ன் அணியின் பயிற்சியாளர். "பையன் எங்க வீட்ல இருக்கட்டும்" என்கிற முடிவை ஸ்மித் தம்பதி எடுத்தார்கள். அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு சின்ன அறைக்கட்டு இருந்தது. பராஸி ஜூனியர் அதில் தங்கி வளர்ந்தார். டோப்ருக்கில் செத்துப்போன நண்பனின் மகனுக்கு, இன்னொரு அப்பா கிடைத்தார் என்றே சொல்லலாம்.

ஆனால் மைதானத்தில் செல்லம் எல்லாம் கிடையாது. வீட்டுப் பிள்ளை என்பதால் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே திட்டு விழும். ஸ்மித் அப்படிப்பட்ட ஆள். கண்டிப்புக்குப் பெயர் போனவர்.

1953-ல் ஃபுட்ஸ்கிரே அணிக்கு எதிராக ஜூனியர் அறிமுகமானார். வயது 17. முதுகில் அப்பாவின் அதே 31-ம் நம்பர்.

அவரை எங்கே ஆட வைப்பது என்பதில் ஸ்மித்துக்குத் தலைவலி. அப்பா மாதிரி ரோவராக வைக்க, ஆள் கொஞ்சம் பெரியவர். பந்தைத் தட்டிவிடும் 'ரக்மேன்' இடத்துக்கு உயரம் போதாது. யோசித்த ஸ்மித் இரண்டுக்கும் நடுவில் ஒரு பாத்திரத்தை உருவாக்கினார். ரக்மேனுக்குத் துணையாக முட்டி மோதவும் வேண்டும், ரோவர் மாதிரி ஓடிப் பொறுக்கவும் வேண்டும். 'ரக்-ரோவர்' என்ற அந்த இடத்தை ஆட்டத்தில் நிலைநாட்டியது பராஸி ஜூனியர்தான்.

பலன்? 1955, 1956, 1957, 1959, 1960, 1964 என ஆறு கோப்பைகள். நடுவில் 1958-ல் மட்டும் இறுதியில் காலிங்வுட் தோற்கடித்தது. தொடர்ந்து நான்கு கோப்பை என்ற தங்கள் பழைய சாதனையை மெல்போர்ன் தொட்டுவிடக் கூடாது என்று அன்று காலிங்வுட் வெறியோடு ஆடியதாக இன்றும் பேசுவார்கள். கடைசி இரண்டு கோப்பைகளை வாங்கியபோது கேப்டனே பராஸிதான்.

அப்பா கிளப்பை விட்டுப் போன மகன்

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் சினிமாக் கதை மாதிரி இருந்திருக்கும். ஆனால் 1964 கோப்பையை வென்ற கையோடு, கேப்டன் மற்றும் பயிற்சியாளர் பொறுப்பு தருகிறோம் என்று கார்ல்டன் கிளப் கூப்பிட, பராஸி போய்விட்டார். எந்தக் கிளப்புக்கு ஆடுவதற்காக விதியே வளைந்ததோ அதே கிளப்பை விட்டு!

மெல்போர்ன் ரசிகர்களுக்கு அது சாவு விழுந்த மாதிரி. காசுக்காகப் போய்விட்டான் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஸ்மித் இருக்கும்வரை மெல்போர்னில் அவர் பயிற்சியாளர் ஆக முடியாது. ஸ்மித்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரவும் அவரால் முடியாது. கார்ல்டனிலும் அவர் போட்டது அதே 31-ம் நம்பர் ஜெர்சிதான்.

அங்கே 1968, 1970 இரண்டு கோப்பை. 1970 இறுதிப் போட்டிக்கு வந்த கூட்டம் 1,21,696 பேர். இந்த ஆட்டத்தில் அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை. பாதி ஆட்டத்தில் கார்ல்டன் 44 புள்ளி பின்தங்கி இருந்தது. உதைப்பதைக் குறைத்து, கையால் குத்தி அனுப்பி ஓடிக்கொண்டே இருங்கள் என்று பராஸி சொன்னதும், அணி திருப்பி அடித்து 10 புள்ளியில் ஜெயித்ததும் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிறகு நார்த் மெல்போர்னுக்கு 1975, 1977-ல் இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதில் முதலாவது, அந்தக் கிளப் வி.எஃப்.எல்லில் வென்ற முதல் கோப்பை.

பராஸி போன பிறகு மெல்போர்ன் கிளப் என்ன ஆனது? 1965 சீசனின் நடுவில் நார்ம் ஸ்மித்தையே நிர்வாகம் வேலையை விட்டுத் தூக்கி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்ப எடுத்தது. அதன் பிறகு ஒரு கோப்பைக்காக 57 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-ல்தான் அது வந்தது. பராஸிக்கு அப்போது 85 வயது.

பராஸி என்ற பெயர் வரைபடத்திலும் ஏறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ரக்பி பார்க்கும் பகுதியையும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் பார்க்கும் பகுதியையும் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்கு 'பராஸி கோடு' என்று பெயர். 1978-ல் இயன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கிண்டல் உரையில் வைத்த பெயர் அது, அப்படியே நிலைத்துவிட்டது.

இன்றைக்கு அந்த விதி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் ஆள் மாறிவிட்டது.

பேட்டை எல்லைகள் எல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டன. இப்போது புதிய வீரர்களை 'டிராஃப்ட்' முறையில் எடுக்கிறார்கள். முந்தைய சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, முதலில் வந்த அணிக்குக் கடைசி வாய்ப்பு. ஐ.பி.எல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி எடுக்க முடியாது. இதற்குள்ளும் அப்பா - மகன் விதி தனி வாசலாகத் தொடர்கிறது. முன்பு போல சும்மா கிடைக்காது. வேறு கிளப் அந்தப் பையனைக் கேட்டால், அப்பாவின் கிளப் அதற்கு ஈடான டிராஃப்ட் புள்ளிகளைக் கொடுத்துத்தான் எடுக்க முடியும்.

ஜீலாங்கின் கேரி ஆப்லெட் ஜூனியர், டாம் ஹாக்கின்ஸ், எசன்டனின் ஜோப் வாட்சன், காலிங்வுட்டின் ஜோஷ் டைகோஸ், நிக் டைகோஸ் சகோதரர்கள் என இந்த வாசல் வழியாக வந்தவர்கள் பட்டியல் நீளம். மகளிர் லீக்கில் மகள்களுக்கும் இதே சலுகை உண்டு.

எதிர்ப்பும் இருக்கிறது. அப்பா நல்ல வீரராக இருந்ததற்காக ஒரு கிளப்புக்கு ஏன் அதிர்ஷ்டம் அடிக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. 1980-களுக்குப் பிறகு லீக்கில் சேர்ந்த மற்ற மாநில கிளப்களுக்கு, ஆடி ஓய்ந்து, மகன் வளர்ந்து நிற்கும் அப்பாக்கள் பழைய கிளப்கள் அளவுக்கு இல்லை என்பது இன்னொரு புகார். அது நியாயமான புகார்தான். ஆனாலும் ரசிகர்கள் இந்த விதியை விடத் தயாராக இல்லை. தாத்தா பார்த்த ஜெர்சியைப் பேரன் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு டிராஃப்ட் புள்ளிக் கணக்கில் இடம் இல்லையே.

இன்றைய விதிப்படி, அப்பா அந்தக் கிளப்புக்காகக் குறைந்தது 100 போட்டிகள் ஆடியிருக்க வேண்டும். ரான் பராஸி சீனியர் ஆடியது 58.